பெரிய மாமா தொட்டுக் கொடுத்த ஜெட்

முதல் ஜெட் வாங்கப்போகிறவனுக்கு ஊரில் எல்லோரும் ஆலோசகர்கள். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவனுக்கும் அப்படித்தான். நான் ஒரே சமயத்தில் இரண்டுமாக இருந்தேன்.

கடலூர் முதுநகரில் துறைமுகத்தை ஒட்டி ஒரு மீன் கிடங்கு இருக்கிறது. அதன் குளிர்பதன இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர் நான். காயத்ரி ஆடி மாதம் டெங்குக் காய்ச்சலில் போனாள். துக்கம் கேட்க வந்தவர்கள் காபி குடித்துவிட்டு, "மனச வேற பக்கம் திருப்புங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எந்தப் பக்கம் என்று ஒருவரும் சொல்லவில்லை. மனதும் திரும்பவில்லை. எதுவும் வேண்டியிருக்கவில்லை. சோறு இருந்தால் தின்றேன். தூக்கம் வந்தால் தூங்கினேன்.

ஐப்பசியில் ஒரு நாள் கிடங்கில் கரண்ட் போய் வந்தது. உறைய வைக்கும் அறையின் பெரிய விசிறிகள் நின்று, மறுபடி சுற்ற ஆரம்பித்தன. முனகலாகத் தொடங்கி, ஏறி ஏறி, கடைசியில் ஒரே கோடாக நிற்கும் சத்தம். வருஷக்கணக்காகக் கேட்கிற சத்தம்தான். அன்றைக்குக் கேட்டதும் பசி மாதிரி ஒன்று வந்தது. கல்லூரியில் படித்தபோது ரிமோட் விமானம் ஓட்டியிருக்கிறேன். எல்லாம் மூக்கில் புரொப்பெல்லர் வைத்தவை. ஜெட் ஓட்டியதில்லை. ஒரு ஜெட் வேண்டும் என்று தோன்றியது. காயத்ரி போன பிறகு எனக்கு வேண்டும் என்று தோன்றிய முதல் பொருள் அது.

இந்த ஜெட்டில் எண்ணெய் எரிவதில்லை. உடம்பு ஃபோம். வயிற்றுக்குள் ஒரு குழாய், குழாய்க்குள் ஒரு மின்சார விசிறி. முன்னால் காற்றை உறிஞ்சிப் பின்னால் துப்பும், அவ்வளவுதான். ஆனால் அதற்கு ஒரு குணம் உண்டு. புரொப்பெல்லர் விமானத்தில் வேகம் கேட்டால் உடனே கிடைக்கும். விசிறி ஜெட்டில் கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். இறங்கும்போது வேகத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு, பிறகு ஐயோ என்று கூட்டினால், விசிறி விழித்துக்கொள்வதற்குள் விமானம் தரையில் கிடக்கும். அதனால் முதல் ஜெட்டை அழகு பார்த்து எடுக்கக் கூடாது. மெதுவாக இறங்குமா என்று பார்த்து எடுக்க வேண்டும்.

இந்த எளிய விஷயம் ஜெயசீலனுக்குப் புரியவில்லை.

ஜெயசீலன் என் கல்லூரி சீனியர். படிப்பு முடிந்தும் அண்ணாமலை நகரை விட்டுப் போகாதவர்களில் ஒருவன். மாணவர் லாட்ஜுகளுக்கு நடுவில் ஒரு மாடி அறையில் ரிமோட் விமான சாமான்கள் விற்கிறான். அவன் நடத்தும் வாட்ஸப் குழுவுக்குப் பெயர் சிதம்பரம் வான்புலிகள். அதில் விமானம் வைத்திருப்பவர்களைவிட விமானத்தின் படம் வைத்திருப்பவர்கள் ஜாஸ்தி.

"அருளு, இத பாரு மச்சி." சுவரில் தொங்கிய சாம்பல் நிறப் போர் விமானத்தைக் காட்டினான். இரட்டை வால், முக்கோண இறக்கை, கீழே பிளாஸ்டிக் ஏவுகணைகள். "எண்பது எம்.எம். விசிறி, ஆறு செல் பேட்டரி. கெளம்புச்சின்னா ஹாஸ்டல் மொத்தமும் ஜன்னலுக்கு வந்துடும்."

"இறங்குமா?"

"இன்னாது?"

"இத நீ எப்பவாவது முழுசா இறக்கியிருக்கியா?"

"மேல போனா ஒரு நாள் எறங்கித்தான மச்சி ஆவணும்."

விமானத்தின் மூக்கில் ஒட்டுப் போட்ட தழும்பு தெரிந்தது. இறக்கையிலும் தெரிந்தது. வாலில் செல்லோ டேப்பே தெரிந்தது.

நான் மேல்தட்டில் இருந்த பெட்டியைக் காட்டினேன். நேரான, அகலமான இறக்கை. பயிற்சி விமானத்தின் சாயல். அறுபத்து நாலு எம்.எம். விசிறி, நாலு செல் பேட்டரி, தடித்த சக்கரங்கள். வெள்ளை உடம்பில் ஆரஞ்சுப் பட்டை.

"இதுவா? இது எல்.கே.ஜி. வண்டி மச்சி. குரூப்ல போட்டோ போட்டா சிரிப்பானுங்க."

"சிரிக்கட்டும். அவனுங்களுக்கு வேற என்ன வேல."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பெட்டியை இறக்கினான். "ஒய்ஃப் போனதுல இருந்து நீ ஒரு மாதிரி ஆயிட்ட அருளு" என்றான். நான் சார்ஜரின் ஒயரைச் சோதித்துக்கொண்டிருந்தேன். சோதித்து முடித்துவிட்டுக் கிளம்பினேன்.

அடுத்து ரோடு. இந்த ஜெட்டுக்குச் சக்கரம் உருள நீளமான தார்ப் பரப்பு வேண்டும். மேலே ஒயர் கூடாது. மஞ்சக்குப்பம் மைதானத்தில் எப்போதும் கிரிக்கெட், இல்லாவிட்டால் கூட்டம், அதுவும் இல்லாவிட்டால் பொருட்காட்சி. சில்வர் பீச் ரோட்டில் பஜ்ஜி தின்கிற ஜனங்கள். நான் கேட்கிற மாதிரி ரோடு என் மச்சான் இளவரசுவிடம்தான் இருந்தது.

இளவரசு காயத்ரியின் தம்பி. புதுச்சத்திரம் தாண்டி, சிதம்பரம் ரோட்டை ஒட்டி, நெல் விளைந்த நிலத்தை வாங்கி மனை போட்டிருந்தான். முகப்பில் ஆர்ச், இரண்டு பக்கமும் கலர் கொடி, நடுவில் கடலைப் பார்த்து நீளும் புதுத் தார் ரோடு. கரண்ட் கம்பம் இன்னும் நடவில்லை.

"தாராளமா ஓட்டுங்க மாமா. தை பொறந்ததும் தெறப்பு விழா. அன்னிக்கி ஓட்டிக் காட்டிட்டீங்கன்னா, அப்பறம் ஞாயித்துக்கெழமையெல்லாம் ரோடு உங்குளுது."

"விழாவுக்கு முன்னாடி ஒரு தடவை ஓட்டிப் பாத்துடறேன்."

"விழா அன்னிக்கி வரைக்கும் ரோட்டுல எதுவும் ஓடக் கூடாது மாமா. அம்மா திட்டும்."

பெட்டியைத் திறந்து காட்டினேன். அவன் முகம் சுருங்கியது.

"இன்னா மாமா, ஸ்கூல் வேன் மாதிரி இருக்குது. குண்டு போடற மாதிரி ஒண்ணு கெடைக்கலியா?"

"மன வாங்க வர்றவங்க மேல குண்டு போடணுமா?"

"இல்ல மாமா, ஒரு கெத்து."

"நான் சொல்றத கேளு. மொதல் தடவ கெளப்பறது நான்தான். ரிமோட்ட வேற யாரும் தொடக் கூடாது. சரின்னா ஓட்டறேன்."

"அட, வேற யாருக்கு மாமா தெரியும்?"

புது விமானம் எந்தப் பக்கம் இழுக்கும், மூக்கைத் தூக்குமா குனியுமா என்பது பறந்தால்தான் தெரியும். பாதி விமானங்கள் முதல் பறப்பிலேயே முடிந்துபோகின்றன. அந்த முதல் பறப்பு எனக்கு வேண்டும். அந்தக் குடும்பத்திடம் நான் வேறு எதையும் கேட்கவில்லை.

திருவந்திபுரம் கோயிலுக்குப் போகாமல் அவர்கள் வீட்டில் எந்தப் பொருளும் ஓடாது. டிராக்டர், ஸ்கூட்டி, மாவு மிஷின் எல்லாம் போய் வந்தவை. விழாவுக்கு முந்தின நாள் மாமியார் சௌந்தரம் காரோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"பறக்கற சாமான் மாப்ளே. தரையில ஓடறதுக்கே பூஜ போடறோம், இதுக்குப் போடாம வுட்டா எப்படி?"

முகூர்த்த நாள். கோயில் வாசலில் கல்யாண ஜோடிகள் மாலையும் கழுத்துமாக வரிசையில் நின்றன. நானும் காயத்ரியும் அப்படி நின்றிருக்கிறோம். ஜெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அந்த வரிசையைக் கடந்தேன். ஒரு வீடியோக்காரர் மணமக்களை விட்டுவிட்டு என்னைப் படம் எடுத்தார்.

ஒரு பைக்குக்கும் மினி லாரிக்கும் நடுவில் ஜெட்டைத் தரையில் வைத்தோம். பூஜை போடுகிறவர் வியக்கவே இல்லை. "ஓனர் பேரு, நட்சத்திரம்" என்று கேட்டார். மூக்கில் சந்தனம், குங்குமம். சாமந்தி மாலை ஒன்றைப் போட்டார். அது காற்றை உறிஞ்சும் வாயை அப்படியே மூடியது. துளசியைக் கிள்ளித் தூவினார். மஞ்சள் அரிசி தூவினார். சக்கரங்களுக்கு முன்னால் எலுமிச்சம் பழம் வைத்தார். சக்கரம் பழத்தைவிடச் சிறியது.

"ஏத்தி நசுக்குங்க" என்றார்.

"இது நசுக்காது. பழம்தான் இத நசுக்கும்."

இளவரசு பழங்களைச் செருப்புக் காலால் மிதித்தான். மாமியார் சாற்றைத் தொட்டுச் சக்கரங்களில் தடவினார். பிரச்சினை தீர்ந்தது. இவர்களால் தீர்க்க முடியாத பிரச்சினை எதையும் நான் இதுவரை பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்து விசிறியைக் கழற்றினேன். உள்ளே துளசி, சாமந்தி இதழ்கள், அரிசி. அந்த வேகத்தில் சுற்றும்போது ஒரு அரிசி போதும், விசிறி தெறித்துவிடும். எல்லாவற்றையும் பிரஷ்ஷால் எடுத்தேன். மூக்கில் இருந்த சந்தனத்தை மட்டும் விட்டுவிட்டேன். மூக்குப் பக்கம் கொஞ்சம் எடை தேவையாக இருந்தது.

விழா அன்று காலை ஷாமியானா, கேசரி, வடை, வேன்களில் ஏற்றி வந்த ஜனங்கள். நெல் வயலில் ஒரு கல்லைக் காட்டி "இது உங்க ஹால்" என்று ஒருவன் ஒரு குடும்பத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். அவர்களும் அந்தக் கல்லை ஹாலைப் பார்ப்பது போலவே பார்த்தார்கள்.

பட்டு வேட்டியில் கொளஞ்சியப்பன் வந்து இறங்கினார். மாமியாரின் அண்ணன். காயத்ரி அவரைப் பெரிய மாமா என்பாள். நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். அவர் கைராசிக்காரர். புதுக் கடையில் முதல் போணி, போர்வெல் போடும் இடத்தில் முதல் தேங்காய், விதை நெல்லில் முதல் பிடி, எல்லாம் அவர் தொட்டுக் கொடுத்தால்தான் விளங்கும் என்பது சுற்றுவட்டாரத்து நம்பிக்கை. அவர் தொட்டு ஓடாத கடைகளும் உண்டு. அவற்றை யாரும் பேசுவதில்லை.

மாமியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தப்பா எடுத்துக்கக் கூடாது மாப்ளே. ஆரம்பிச்சி வெக்கறத அண்ணன் ஆரம்பிச்சி வெக்கட்டும்."

"அவருக்கு ஓட்டத் தெரியாது அத்தை."

"ஓட்ட வேணாம். தொட்டுக் குடுத்தா போதும். நீங்க... இன்னும் வருஷம் திரும்பல பாருங்க. நல்ல காரியத்துல முன்னால நிக்கற மாதிரி ஆயிடும்."

"பொண்டாட்டி செத்தவன் கையால கெளம்பக் கூடாது. அதான?"

"ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க."

அப்படித்தான் அவர் சொன்னார். இளவரசு சற்றுத் தள்ளி நின்று கேசரித் தட்டை ஆராய்ந்துகொண்டிருந்தான்.

"எங்கிட்ட நீ என்ன சொன்ன மச்சான்?"

"கெளப்பற வரைக்கும்தான மாமா. அப்பறம் முழுக்க நீங்கதான். அம்மா மனசும் கோணக் கூடாதில்ல?"

அங்கேயே ஜெட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் காற்று கடலில் இருந்து மிதமாக, ரோட்டுக்கு நேராக வந்துகொண்டிருந்தது. பேட்டரி முழுக்க ஏறியிருந்தது. பறக்க விட வேண்டும் போலவே இருந்தது. சரி என்றேன்.

ரிமோட்டில் இரண்டு குச்சிகள். இடது குச்சி வேகத்துக்கு, வலது குச்சி ஏற, இறங்க, சாய. வேகக் குச்சியை எங்கே தள்ளுகிறோமோ அங்கேயே நிற்கும். "இத மட்டும் மெதுவா மேல தள்ளுங்க மாமா. தள்ளிட்டுக் கைய எடுத்துடுங்க. அப்பறம் எதையும் தொடாதீங்க" என்றேன்.

"ஏரோப்ளேன் ஓட்டறதுன்னா இவ்ளோதானா?" என்றார் பெரிய மாமா. கையைக் கழுவினார். கிழக்கே பார்த்துக் கும்பிட்டார். கட்டைவிரலைக் குச்சியின் மேல் வைத்தார். வைத்துவிட்டு அப்படியே நின்றார்.

"தள்ளுங்க."

தள்ளவில்லை. கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் விரலின் மேல் என் விரலை வைத்து நானே தள்ளினேன்.

முனகல் ஏறியது. ஜெட் உருண்டது. பாதி ரோடு போனதும் மூக்கைத் தூக்கித் தரையை விட்டது. ஜனங்கள் கைதட்டினார்கள். பெரிய மாமா கையை எடுத்து அவர்களைப் பார்த்துக் கும்பிட்டார். ரிமோட் முழுக்க என்னிடம் வந்தது.

இடது பக்கம் லேசாக இழுத்தது. ஒரு பொத்தானைத் தட்டிச் சரிசெய்தேன். வயலில் இருந்த கொக்குகள் எழுந்து விலகின. ஒரு வட்டம், எதிர்ப் பக்கமாக இன்னொரு வட்டம். பிறகு ரோட்டின் மேல் தாழ்வாக ஒரு ஓட்டம். திருப்பினால் திரும்பியது. விட்டால் தானாக நேரானது. எல்.கே.ஜி. வண்டி சொன்ன பேச்சைக் கேட்டது. சத்தம் ஒரே கோடாக நின்றது. அதற்குள் மாமியார் இல்லை, மனை இல்லை, ஆடி மாதம் இல்லை. கொஞ்ச நேரம் அப்படி இருந்தது.

இந்த பேட்டரி நாலு நிமிஷத்துக்கு மேல் தாங்காது. இறக்கத் திருப்பினேன். பாதிக்குக் கொஞ்சம் குறைவாக வேகத்தைப் பிடித்துக்கொண்டே வந்து, அப்படியே ரோட்டில் வைக்க வேண்டும். கண்ணை எடுக்க முடியாத நேரம். பக்கத்தில் சந்தன வாசனை வந்தது.

"எறங்குதா மாப்ளே? ஆரம்பிச்ச கைதான் முடிச்சி வெக்கணும்."

ஒரு கட்டைவிரல் குறுக்கே வந்து வேகக் குச்சியை அடிவரை இழுத்தது. பம்பு செட்டை அணைக்கிற மாதிரி.

விசிறி அடங்கியது. அவர் விரலைத் தட்டிவிட்டுக் குச்சியை முழுக்கத் தள்ளினேன். முனகல் மெல்லத் தொடங்கியது. ஏறுவதற்குள் ஜெட் ரோட்டுக்கு முன்னாலேயே தாழ்ந்து, ஒரு மனைக்கல்லில் இடித்து, புரண்டு, வாய்க்காலில் விழுந்தது. அதன் பிறகுதான் விசிறி முழு வேகம் பிடித்துச் சேற்றை வாரி இறைத்தது. நிறுத்தினேன்.

ஜனங்கள் கைதட்டினார்கள். ஜெட் இறங்குவது அப்படித்தான் என்று நினைத்துவிட்டார்கள்.

"எறங்கிடுச்சி" என்றார் பெரிய மாமா.

"உங்கள யாரு தொடச் சொன்னது?"

"முடிச்சி வெச்சேன் மாப்ளே. அப்பதான் மேல மேல..."

"போனா போவுது மாப்ளே, சாமான்தான" என்று மாமியார் குறுக்கே வந்தார். "அண்ணன் கை பட்டிருக்கு. இத வுடப் பெரிசா ஒண்ணு வரும் பாருங்க."

காயத்ரியின் காரியம் முடிந்த வாரமே எனக்கு வேறு பெண் பார்ப்பதைப் பற்றியும் இதே குரலில்தான் பேசினார்கள். போனால் போகிறது, இன்னொன்று வரும்.

"இந்தக் கைதான எனக்குத் தாலி எடுத்துக் குடுத்துச்சி" என்றேன். "திருவந்திபுரத்துல, அவ்ளோ பேருக்கு முன்னால, தொட்டுக் குடுத்த கை. ரெண்டு வருஷம்கூட ஓடல."

சத்தமாகத்தான் சொன்னேன். ஷாமியானாவில் கரண்டிகளின் ஓசை நின்றது.

ரிப்பன் வெட்டுவது பாக்கி இருந்தது. யாரோ ஒருவர், விஷயம் தெரியாமல், கத்தரிக்கோல் வைத்த தட்டைப் பெரிய மாமாவிடம் நீட்டினார். வேனில் வந்த ஒரு பெண் தன் புருஷனின் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். பெரிய மாமா தட்டைப் பார்த்தார். தோள் துண்டை எடுத்து வலது கையை மூடிக்கொண்டார். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, ரிப்பனில் படாமல் ஆர்ச்சைச் சுற்றி, மெயின் ரோட்டைப் பார்த்து நடந்தார். மாமியார் "அண்ணே, அண்ணே" என்றார். பின்னால் போகவில்லை.

இளவரசு தானே வெட்டினான். பிறகு என்னிடம் வந்தான். "இனிமே இந்தப் பக்கம் வராதீங்க மாமா." மரியாதையாகத்தான் சொன்னான்.

வாய்க்காலில் இறங்கி ஜெட்டை எடுத்தேன். மூக்கு பிய்ந்திருந்தது. இடது இறக்கை இரண்டு துண்டு. விசிறி பிழைத்திருந்தது. ஃபோம்தான், ஒட்டினால் பறக்கும். ஜெயசீலனின் சாம்பல் நிறப் போர் விமானமாக இருந்தால் பெருக்கித்தான் அள்ளியிருக்க வேண்டும். நான் எடுத்த ஜெட் சரியான ஜெட். பேட்டரியைக் கழற்றித் தனிப் பையில் போட்டுக்கொண்டு பைக்கைக் கிளப்பினேன்.

மெயின் ரோட்டில் பெரிய மாமா நின்றுகொண்டிருந்தார். கடலூர் பஸ் ஒன்று வந்தது. அவர் கை காட்டவில்லை. பஸ் போய்விட்டது. நான் அவரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனேன். அடுத்த பஸ்ஸும் அப்படியே அவரைத் தாண்டி என் பக்கமாக வந்தது. பைக்கைத் திருப்பிக்கொண்டு போனேன்.

"கை காட்டுனாத்தான மாமா நிப்பாட்டுவான்?"

"தெரியுது." ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீங்க ஒண்ணும் புதுசா சொல்லல மாப்ளே. ஆடியில அந்தப் புள்ளயத் தூக்கிக்கினு போனப்பவே எனக்குத் தோணிப்போச்சி. எவங்கிட்டப் போயி சொல்றது? கூப்புடறாங்க. மாட்டேன்னா ஏன்னு கேப்பாங்க. அதுக்குப் பயந்துக்கினே போயிப் போயி தொட்டுக் குடுக்கறேன்."

எனக்கு இரக்கம் வரவில்லை. கோபம்தான் வந்தது. ஒரு கொசு செய்த வேலைக்கு இந்த மனிதர் ஆறு மாதமாகச் சொந்தம் கொண்டாடியிருக்கிறார்.

"நல்லா கேட்டுக்கங்க மாமா. ஜெட்டு வுழுந்தது உங்களாலதான். தொடாதீங்கன்னு சொன்னேன், தொட்டீங்க, வேகத்த இழுத்தீங்க, வுழுந்துச்சி. அது உங்க கை. காயத்ரி போனது கொசுவால. பிளேட்லெட்டு கொறைஞ்சிது, ரத்தம் கசிஞ்சிது, டாக்டருங்களால நிறுத்த முடியல. அதுல உங்க கை எங்கயும் இல்ல. அங்க சொன்னது, உங்களுக்கு வலிக்கணும்னு சொன்னது."

ஒரு மீன் வண்டி எங்களைக் கடந்து போனது.

"அப்ப நான் எடுத்துக் குடுத்த தாலி?"

"அது நல்லாத்தான் இருந்துச்சி மாமா" என்றேன்.

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பைக்கில் ஏறினார். உடைந்த ஜெட்டை அவர் மடியில் வைத்தேன். சேறு அவருடைய பட்டு வேட்டியில் இறங்கியது.

"எப்படிப் புடிக்கறது?"

"எதையும் அமுக்காம புடிங்க" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.